அறுபது ஆண்டு நிரம்பாத வரலாறு

வரலாறு என்றவுடன் நம் நினைவில் எழுவன கோட்டைகளும் கோயில்களும் கல்லறைகளுமே. தில்லியில் வாழும் நாம், ஊரிலிருந்து உற்றார் வந்தால் குதுப் மினாரையும் செங்கோட்டையையும் காட்டி மகிழ்கிறோம். ஆயின் விடுதலை பெற்ற இந்தியா தானே எழுதிய வரலாற்றுப் பக்கம் ஒன்று, நம் கண்ணெதிரே நின்று நம் காலத்திலேயே மறைந்துபோயிற்று. பிரகதி மைதானத்தில் விளங்கிய ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ என்னும் நாடுகளின் மண்டபமே அது.

அதன் கதையைச் சண்டிகரிலிருந்து தொடங்குவதே முறை. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. புதிய தலைநகர், பழமையின் தளைகளற்ற புதிய இந்தியாவின் அடையாளமாக அமைய வேண்டும் என்று நேரு விழைந்தார். அதனை வடிவமைக்க ஐரோப்பாவிலிருந்து லெ கொர்புசியே வந்தார். அவர் வரைந்த உயர்நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் உறுதியுற நிற்பதற்கான கணக்கீடுகளில் பங்கேற்ற இளம் பொறியாளர்களுள் ஒருவர் மகேந்திர ராஜ். அயலார் கண்ட கனவுக்கு உருக்கொடுத்துப் பயின்ற அக்கை, பின்னாளில் நம்மவர் கனவுக்கும் உருக்கொடுத்தது.

விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டான 1972-இல், ‘ஏசியா 72’ என்னும் பன்னாட்டு வணிகக் கண்காட்சி தலைநகரில் கூடியது. அதற்கெனக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் ஒரு மாபெரும் மண்டபத்தை வடிவமைத்தார். கட்டமைப்புப் பொறுப்பை மகேந்திர ராஜ் ஏற்றார். இத்தகைய மண்டபங்களைத் தொழில்வளம் மிக்க நாடுகள் எஃகுக் குழாய்களைப் பிணைத்து அமைப்பது வழக்கம். நம் நாட்டிலோ அத்தகைய எஃகு அரிது; விலையும் மிகுதி. ஆனால் உழைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. எனவே எஃகில் அமைய வேண்டிய முப்பரிமாணச் சட்டகத்தைக் கான்கிரீட்டிலேயே, நின்ற இடத்திலேயே வார்ப்பது என்று துணிந்தனர். இல்லாமையே இங்குப் புதுமைக்குத் தாயாயிற்று.

உச்சி துண்டிக்கப்பட்ட பிரமிடு போன்ற தோற்றம். 78 மீட்டர் அகலத்துக்கு இடையில் ஒரு தூணுமில்லை. முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய சட்டகம், பாரம் தாங்கியதோடு வெயிலைத் தடுத்து நிழலும் தந்தது. பழைய மாளிகைகளில் கற்சாளரப் பின்னல் செய்த பணியை இங்குக் கட்டடத்தின் எலும்புக்கூடே செய்தது எனலாம். பழமையைப் படியெடுக்காமல் அதன் பயனை மட்டும் ஏற்றுக்கொண்ட அறிவு அது.

ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று தொடங்கும் வணிகக் கண்காட்சிக்குப் பிள்ளைகளின் கைபிடித்து நாம் சென்றதும், உலகப் புத்தகக் கண்காட்சியில் தமிழ் நூல்களைத் தேடி அலைந்ததும் அவ்வளாகத்திலேதான். கூட்டத்தில் பிரிந்தோர் மீண்டும் சந்திக்க, தொலைவிலும் தெரியும் அப்பிரமிடு வடிவே அடையாளமாயிற்று.

2017-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், ஓரிரவில் அம்மண்டபம் இடித்துத் தள்ளப்பட்டது. காக்க வேண்டும் என்று உள்நாட்டுக் கலைஞரும் வெளிநாட்டு அருங்காட்சியகத்தாரும் விடுத்த வேண்டுகோள் பயனற்றுப்போயிற்று. அறுபது ஆண்டு நிரம்பாத கட்டடம் பாரம்பரியச் சின்னமாகக் கருதப்படாது என்பதே கூறப்பட்ட காரணம். மண்டபத்துக்கு அப்போது வயது நாற்பத்தைந்து.

இங்கு ஒன்றை ஒப்புநோக்குதல் தகும். சிட்னி நகரின் இசையரங்கம் 1973-இல் திறக்கப்பட்டது. நம் மண்டபத்துக்கு ஓராண்டு இளையது. அதனை 2007-இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சண்டிகரின் அரசுக் கட்டடத் தொகுதியும் 2016-இல் அப்பெருமை பெற்றது. அடுத்த ஆண்டே தில்லி மண்டபம் மண்ணாயிற்று. அயலார் பெயர் தாங்கியது நிலைத்தது. நம்மவர் கைவண்ணம் வீழ்ந்தது.

புதிய தேவைகளுக்குப் புதிய அரங்குகள் வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். அவ்வளாகத்தில் 2023-இல் பாரத் மண்டபம் எழுந்தது. அவ்வாண்டே ஜி-20 மாநாடும் அங்கு நடைபெற்றது. ஆனால் மன்னர் கட்டியது மட்டுமே வரலாறு, மக்களாட்சி கட்டியது வெறுங்கட்டடம் என்று கருதுவோமாயின், விடுதலைக்குப் பிந்தைய நம் முதல் தலைமுறைகள் வாழ்ந்ததற்கே சான்று இல்லாமற்போகும்.

அடுத்த முறை விருந்தினரை ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் செல்லும்போது, சற்றே திரும்பி எதிர்ப்புறம் காட்டுங்கள். புது தில்லி நகராட்சியின் தலைமையகமான பாலிகா கேந்திரா அங்கே நிற்கிறது. குல்தீப் சிங் வரைய, அதே மகேந்திர ராஜ் கட்டமைத்தது. அதற்கும் இன்னும் அறுபது ஆண்டு நிரம்பவில்லை.