புண்ணிற் புழு: ஒரு வைத்தியமுறையின் மறைவும் மீட்சியும்

புண் புழுத்துப்போதலை இழிவின் எல்லையாகவும் சாபத்தின் உச்சமாகவும் கொள்வது நமது பேச்சுவழக்கு. அவ்வாறிருக்க, புழுவையே மருந்தாகப் புண்ணில் இட்டுக் கட்டும் முறையொன்று ஐக்கிய அமெரிக்க வைத்தியசாலைகளில் ஒரு காலத்திற் பெருவழக்காயிருந்து, பின் பெரும்பாலும் மறக்கப்பட்டு, நீரிழிவு நோயாளரின் பாதப்புண் போன்ற ஆறாப் புண்கள் காரணமாக மீண்டும் உயிர்பெற்றது. அது மறக்கப்பட்டமைக்குக் காரணம், பயனற்றதென நிறுவப்பட்டமையா அன்றி வேறொன்றா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இலையானின் குடம்பி அழுகிய தசையை மாத்திரமே உண்டு, உயிருள்ள தசையைத் தீண்டாது விடும் என்பதைக் கண்டறிந்தவர்கள் போர்க்கள வைத்தியர்களே. நெப்போலியனின் படையோடு 1799இல் சிரியாவுக்குச் சென்ற லரே என்பவர், புழுவுற்ற காயங்கள் விரைந்து ஆறுவதைக் கண்டு எழுதிவைத்தார். ஆயின் அஞ்சி நடுங்கிய படைவீரரை அதற்கு இணங்கச்செய்வது அவருக்கு அரிதாயிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) தென்மாநிலப் படையின் வைத்தியரான சக்கரியாஸ் என்பார் வேண்டுமென்றே புழுக்களைக் காயத்திலிட்டுப் பயன்கண்டார். எனினும் இவை தனிமனித அனுபவங்களாகவே நின்றுவிட்டன. லிஸ்ரரின் கிருமிநீக்க முறை 1867 முதற் பரவத் தொடங்கியதும், காயத்தில் எவ்வுயிரும் இருத்தலாகாது என்ற கொள்கை வலுப்பெற்றமை புழுவை மேலும் விலக்கிவைத்தது எனலாம்.

அவ்விலக்கை மீறியவர் வில்லியம் பேயர். முதலாம் உலகப்போரின்போது, 1917இல், பிரான்சுப் போர்முனையில் ஏழு நாட்கள் எவர் கண்ணிலும் படாது கிடந்த இரு போர்வீரர் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். தொடையென்பு முறிந்தும் வயிற்றிற் காயமுற்றும் உணவும் நீருமின்றிக் கிடந்த அவர்களுக்குக் காய்ச்சல்கூட இருக்கவில்லை. உடையைக் களைந்தபோது காயம் முழுதும் புழு நெளிந்தது. அருவருப்போடு அவற்றைக் கழுவியகற்றியபோதோ, எதிர்பார்த்த சீழுக்குப் பதிலாகச் செந்நிறப் புதுத்தசை காணப்பட்டது. அத்தகைய காயமுற்றோரிற் பெரும்பாலோர் அந்நாளில் இறந்துபோயினர் என்பதை நினைவிற்கொண்டால், பேயர் அக்காட்சியை மறவாமைக்குக் காரணம் விளங்கும்.

ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அவர் அதனைச் சோதித்தார். பல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்தில், என்பினுட் சீழ்பிடித்து நாட்பட்டும் ஆறாதிருந்த 21 நோயாளருக்கு அவர் புழுவைத்தியம் செய்தார், பலன் சிறப்பாயிருந்தது. ஆனால் பின்னர் சிலருக்கு ஏற்புவலி கண்டது. புழுவே கிருமியைச் சுமந்துவருதல் கூடும் என்பதையுணர்ந்த பேயர், இலையானின் முட்டைகளை இரசாயனக் கரைசலிற் கழுவிக் கிருமிநீக்கம் செய்து குடம்பிகளை வளர்க்கும் வழியைக் கண்டார். நாட்டுவைத்தியம் போற் தோன்றிய ஒன்றை ஆய்வுகூட முறையாக்கிய இச்செயலே அவரது தலையாய சாதனை. 1931இல் அவர் காலமானார். அவரது கட்டுரை அவ்வாண்டிலேயே, அவர் மறைவின் பின், வெளியாயிற்று.

அடுத்து வந்த சில ஆண்டுகளில் முந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க வைத்தியசாலைகள் இம்முறையைக் கையாண்டன. லெடர்லே என்னும் மருந்துற்பத்தி நிறுவனம் ஆயிரம் குடம்பிகளை ஐந்து டொலருக்கு விற்றது. பின் சல்பா மருந்துகளும், 1940களிற் பெனிசிலினும் வந்தன. சில ஆண்டுகளுள் புழு மறைந்தது.

அருவருப்பே இதற்குக் காரணம் என்பர் சிலர். இது பொருந்துமாறில்லை, அருவருப்பு 1931இலும் இருந்ததன்றோ? பெனிசிலின் பலரைச் சாவினின்றும் காத்தது என்பதும், என்புச்சீழ் நோயின் கொடுமையைத் தணித்தது என்பதும் உண்மை. ஆயின் இலையான் வளர்த்து, முட்டை கழுவி, குடம்பி பெரிதாகுமுன் வைத்தியசாலைக்கு அனுப்பும் உழைப்பு, போத்தலில் அடைத்து நெடுநாள் வைத்து விற்கத்தக்க மருந்தின்முன் நிலைக்க முடியவில்லை என்பதும் உண்மையே. புழு தோல்வியுற்றதன்று, கைவிடப்பட்டது.

இதனிடையே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1921இல் இன்சுலின் கண்டறியப்படுமுன், கடும் நீரிழிவுற்ற இளையோர் மயக்கமுற்று விரைவில் மாண்டனர். இன்சுலின் நோயாளரின் ஆயுளை நீட்டியது. நீண்ட ஆயுளிற் பாத அழுகல் பெருகியது. பொஸ்ரன் நகர வைத்தியர் ஜொஸ்லின் 1934இலேயே இவ்வாபத்தை எடுத்துரைத்தார். நரம்பு மரத்த பாதத்திற் காயம் உணரப்படுவதில்லை. குருதிக்குழாய் ஒடுங்கிய இடத்துக்குக் குருதி வழியே செல்லவேண்டிய மருந்து போதியளவு சென்றடைவதுமில்லை. இறுதியிற் கத்தியே காலைத் தீண்டியது. குடம்பியோ குருதியை எதிர்பார்ப்பதில்லை. புண்ணின் மேலிருந்தே தன் சுரப்பினால் இறந்த இழையத்தைக் கரைத்து உறிஞ்சுகிறது.

கலிபோர்னியாவில் றொனால்ட் ஷெர்மன் 1989இல் இம்முறையை மீண்டும் ஆராயத் தொடங்கினார். வழமையான வைத்தியத்துக்கு ஆறாத நீரிழிவுப் பாதப்புண்கள் குடம்பியால் விரைந்து தூய்மையடைந்தமையை அவரது 2003ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. 2004இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் குடம்பிகளுக்கு அனுமதி வழங்கியது. சட்டத்தின் வகைப்பாட்டில் அவை மருந்தல்ல, வைத்தியக் கருவியாகும் என்பது சுவையான செய்தி.

இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்வது தவறாகும். 2009இல் பிரித்தானியாவில் வெளியான, 267 கால்புண் நோயாளரைக் கொண்ட ஆய்வு, குடம்பி புண்ணை விரைந்து தூய்மையாக்கினும் அது ஆறும் காலத்தைக் குறைக்கவில்லை எனவும், வலியைக் கூட்டியது எனவும் கண்டது. அவை நீரிழிவுப் பாதப்புண்கள் அல்லவெனினும், புண் தூய்மையாதல் வேறு, ஆறுதல் வேறு என்பது இங்கும் பொருந்தும். அடைபட்ட குருதிக்குழாயைத் திறப்பது குடம்பியின் தொழிலன்று.

இன்று குடம்பிகளை நுண்ணிய வலைத்துணிப் பைகளில் அடைத்தும் விற்கின்றனர். பை புண்மீது வைத்துக் கட்டப்பட்டு, சில நாட்களின் பின் அவ்வாறே அகற்றப்படுகிறது. காலில் ஊர்வதை நோயாளர் காணவேண்டியதில்லை. லரேயின் வீரர்கள் அஞ்சிய நெளிவை மறைக்க ஒரு சிறு துணி போதுமாயிருந்தது.