பேஸ் கித்தாரும் சிறு மதுக்கூடங்களும்

மின்னிசை வரலாற்றை எழுதுவோர் பெருமேடைகளையும் இசைத்தட்டுகளையுமே பெரிதும் சான்றாகக் கொள்வர். பேஸ் கித்தாரைப் பொறுத்தவரை, அதன் வடிவத்தை முடிவு செய்ததில் அமெரிக்க நகரங்களின் சிறு மதுக்கூடங்களுக்கே பெரும்பங்கு உண்டு எனக் கருதுகிறோம்.

ஆளுயர டபுள் பேஸை அங்குக் கொண்டு செல்வதே பெரும்பாடு. கொண்டு சென்றாலும் முரசுக்கும் ஊதுகருவிகளுக்கும் இடையே அதன் ஒலி அமிழ்ந்துபோயிற்று. 1951-இல் லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் உருவாக்கி வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், அச்சுமையைத் தோளில் மாட்டும் அளவிற்குக் குறைத்தது. நான்கு தந்திகளும் சுருதியும் மாறவில்லை. மெட்டுகள் பதிக்கப்பட்டமையால் கித்தார்க் கலைஞரும் சுரம் பிசகாமல் வாசிக்க முடிந்தது. (டபுள் பேஸையே நம்பியிருந்தோர்க்கு இது உவப்பாய் இருந்திருக்காது.)

ஆயினும் கருவி பாதியே, மறுபாதி ஒலிபெருக்கி. 1960-இல் ஆம்பெக் நிறுவனத்திற்காக ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸின் ஆற்றல் ஏறத்தாழ 25 வாட். 15 அங்குல ஒலிவாய் ஒன்று. வாசித்து முடித்ததும் மேலுள்ள வால்வுப் பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். நள்ளிரவில் தம் சுமையைத் தாமே தூக்கிச் செல்லும் கலைஞர்க்கு இது பேருதவி. மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சிறு கூடங்களில் இதனையே பயன்படுத்தினார். ஒலிப்பதிவிலோ அவருடைய பேஸ் பெரும்பாலும் நேரே பதிவுப் பலகையுடன் இணைக்கப்பட்டது. ஆகவே, இசைத்தட்டை மட்டும் கொண்டு அவர்தம் மதுக்கூட ஒலியை மதிப்பிடுதல் பொருந்தாது.