தைப்பிங்கில் உறங்கும் விமானி

தைப்பிங் ஏரித் தோட்டத்துக்குப் போகிறவர்கள், பக்கத்தில் புக்கிட் லாருட் சாலையில் இருக்கும் போர்க் கல்லறையைக் காரிலேயே கடந்துவிடுவார்கள். நானும் ரொம்ப வருசம் அப்படித்தான். ஒருநாள் இறங்கி நடந்தபோதுதான் ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பெயரைப் பார்த்தேன். வயது 28.

1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணியிலும் கரையிறங்கியது. மறுநாள் சிங்கோராவைப் பகலிலேயே தாக்கும்படி பட்டர்வொர்த்தில் இருந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களுக்கு உத்தரவு வந்தது. முதலில் எழும்பியது ஸ்குவாட்ரன் லீடர் ஸ்கார்ஃபின் விமானம். அது தரையை விட்ட நேரம் பார்த்து ஜப்பானிய விமானங்கள் தளத்தின் மேல் வந்து குண்டு போட்டன. கிளம்ப நின்ற மற்ற விமானங்கள் அங்கேயே முடங்கின.

திரும்பி இறங்கியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்கார்ஃப் வட்டமடித்துப் பார்த்தார். வருவதற்கு இனி ஆளில்லை என்று தெரிந்ததும், கூட இருந்த இரண்டு பேரோடு தனி விமானமாகவே வடக்கே போனார். குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் ஜப்பானியப் போர்விமானங்கள் விரட்டிச் சுட்டன. அவரது இடது கை சிதைந்தது, முதுகில் பெரிய காயம். சரிந்து விழாமல் கூட இருந்தவர்கள் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டார் வரை ஓட்டிவந்து விமானத்தை வயிற்றால் தரையிறக்கினார். மற்ற இருவருக்கும் ஒரு காயமும் இல்லை.

அலோர் ஸ்டார் மருத்துவமனையில் அவர் மனைவியே தாதியாக இருந்தார். தன் ரத்தத்தைக் கொடுத்தார். ஆனாலும் ஸ்கார்ஃப் பிழைக்கவில்லை.

அந்தக் குண்டுகள் போரின் போக்கை மாற்றவில்லை. சில நாளில் ஜித்ரா அரண் உடைந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரே சரணடைந்தது. அந்தக் குழப்பத்தில் ஆவணங்களும் தொலைந்தன. போர் முடிந்த பிறகுதான் முழு விவரமும் வெளிவந்து, 1946 ஜூனில் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. நாலரை வருசத் தாமதம். பேரரசின் அதிகாரியாகவே இருந்தாலும், சொல்ல ஆளில்லாமல் போயிருந்தால் அவரும் மறைந்திருப்பார்.

எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். அந்தக் கல்லறையை ஒரு சாலை இரண்டாகப் பிரிக்கிறது: ஒருபக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்தியப் படையின் இந்து, முஸ்லிம் வீரர்கள். மொத்தம் 850க்கும் மேற்பட்டவர்களில் 500க்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் தெரியாதவர்கள். பெயர் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒரு கல்லாவது இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் போய் மாண்ட பல்லாயிரம் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அதுகூட இல்லை. "தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனாரு, திரும்பல" என்ற ஒரு வரியோடு பல குடும்பங்களில் அந்தக் கதை முடிந்துவிடுகிறது.

இதற்காக ஸ்கார்ஃபின் பதக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் உயிரைக் கொடுத்தார், நினைக்கப்படுகிறார், அது சரிதான். அவரிடமிருந்து நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. தாமதமாகவாவது யாரோ உட்கார்ந்து எழுதியதால்தான் அந்த ஒற்றை விமானம் இன்றும் பறக்கிறது. ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த கண்கள் நம் வீடுகளில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். முதலில் அந்த அண்ணனின் பெயரைக் கேட்டு எழுதிவைப்போம்.