பட்டறையும் கலாசாலையும்

சென்னை ராஜதானியில் 1857-இல் சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்டு, அதன் பிரவேசப் பரீட்சையாகிய மெட்ரிக்குலேஷன் வழக்கத்துக்கு வந்த பிறகு, ஹைஸ்கூல் என்பது தனக்கென ஒரு நோக்கமில்லாமல் கலாசாலையின் வாசற்படியாகவே ஆகிவிட்டது. மேலே படிக்க வசதியில்லாதவனுக்கும் அந்தப் பரீட்சை சர்க்கார் காரியாலயங்களில் குமாஸ்தா உத்தியோகம் தேட உதவிற்று; ஆதலால் மிராசுதார் மகனும் வணிகர் மகனும் ஒரே பாடத்தைப் படித்து, ஒரே விதமான உத்தியோகத்துக்குக் காத்திருந்தார்கள். 1882-இல் நியமிக்கப்பட்ட ஹண்டர் கமிஷன் இதன் அபாயத்தை உணர்ந்து, மேல் வகுப்புகளில் சர்வகலாசாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பிரிவும், வியாபாரம் முதலிய ஜீவனோபாயங்களை நாடுகிறவர்களுக்கு வேறொரு பிரிவும் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. சிபாரிசு நியாயமானதே, ஆயினும் இரண்டாவது பிரிவை நாடியவர்கள் மிகச் சிலர். 1929-இல் ஹார்டாக் கமிட்டியும் அதே குறையை எடுத்துரைக்க நேர்ந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியில் ஆழ்ந்த பற்றுடையவர். அக்காலத்துச் சீர்திருத்தத்தினால் ஹைஸ்கூல் பாடத்திட்டத்தில் கைத்தொழிலுக்கு இடம் கிடைத்தது. சில பள்ளிகளில் பொறியியல், விவசாயம், காரியதரிசிப் பயிற்சி என்று, மாணவர்கள் ‘பைபர்கேட்டட் கோர்ஸ்’ என வழங்கிய தனிப் பிரிவுகள் தோன்றின. பின்னர், 1952-இல் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த கமிஷன் இந்தக் கருத்தை தேசம் முழுவதற்கும் விரித்து, இலக்கியம், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிபம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்னும் ஏழு பிரிவுகளைக் கொண்ட பலநோக்குப் பள்ளிகளைச் சிபாரிசு செய்ததோடு, தொழிற்கல்விச் செலவுக்காக ஆலைகளின் மீது தனி வரி விதிக்கலாமென்றும் கூறிற்று. பட்டறைக்கு யந்திரமும், அதை இயக்கிக் காட்டத் தெரிந்த உபாத்தியாயரும் இல்லாமல் கரும்பலகையில் தொழில் கற்பிக்க முடியாது என்பதைக் கமிஷன் அறிந்திருந்தது.

அந்த அறிக்கை வெளியான 1953-ஆம் ஆண்டிலேதான், கிராம ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மற்ற நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டுமென்னும் ராஜாஜியின் திட்டமும் வந்தது. ஜனங்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார்கள், கிளர்ச்சி மூண்டது, 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். முதலியார் கமிஷன் எண்ணியது ஹைஸ்கூல் மாணவன் தன் விருப்பத்தால் தேரும் தொழில். மற்றதோ பிறப்பினால் வந்து சேரும் தொழில். இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆயினும், வண்ணான் மகன் வண்ணானாகவே இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் புண்பட்ட ஒரு தகப்பன், தன் மகனைப் பட்டறைப் பிரிவுக்கு அனுப்பும்படி சொல்லும் எந்த யோசனையையும் ஐயத்தோடு நோக்கினான் என்றால், அதற்காக அவனைக் குறை கூறுவது தர்மமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். கலாசாலைப் படிப்பை அவன் வேண்டியது குமாஸ்தா நாற்காலிக்காக மட்டுமன்று. சாதியின் பிடியிலிருந்து விடுபட அவன் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி அதுவாகவே இருந்தது.

1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட நிலையில் பாதிப் பேராவது தொழிற்கல்வி பெற வேண்டுமென்று எதிர்பார்த்தது. தமிழ்நாட்டில் 1978-இல் புகுமுக வகுப்பு நீங்கி மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளுக்கு வந்தபோது, தொழிற்பிரிவும் உடன் வந்தது. அதே ஆண்டில் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு, பொதுப்படிப்புக்கும் தொழிற்படிப்புக்கும் இடையே மதில் எழுப்பாமல், மாணவன் இரண்டிலிருந்தும் பாடங்களைத் தேர்ந்துகொள்ள இடமளிக்க வேண்டுமென்று யோசனை கூறிற்று. ஒரு நூற்றாண்டு விவாதத்தில் நோயின் மூலத்தைத் தொட்ட யோசனை இதுவே என்று கருதுகிறேன். பின்னால் மேற்படிப்பு வேண்டும் என்று தோன்றினால் கதவு அடைபட்டிராது என்ற உறுதி இருந்தால்தானே பெற்றோர் பிள்ளையை மனமொப்பிப் பட்டறைக்கு அனுப்புவார்கள்! ஆனால் மதில் எழுந்தே நின்றது. மார்க்குக் குறைந்தவர்களைப் பள்ளிகளே தொழிற்பிரிவுக்குத் தள்ளின. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை கோத்தாரியின் பாதியைக் குறைத்து, 1995-க்குள் நூற்றுக்கு 25 பேர் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கும் எட்டப்படவில்லை.