இரண்டு செண்பகராமன்கள்: பழவங்காடியிலிருந்து மியூசியம் வரை ஒரு நடை

ஆண்டுக்கொரு முறை நம் சங்கத்துப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுற்றிக்காட்டுவது எப்படியோ என் பொறுப்பாகிவிட்டது. பத்மநாபசுவாமி கோயிலையும் குதிரைமாளிகையையும் வரலாறு என்று காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். "அதெல்லாம் ஆயிரம் தடவை பாத்தாச்சு தாத்தா" என்பார்கள். ஆகவே இந்த முறை போர்களின் நினைவாக இந்த ஊரில் நிற்பவற்றை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்தோம். மொத்தம் மூன்றரை, நாலு கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

புறப்பட்ட இடம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில். நாம் எல்லோரும் பரீட்சைக்கும் பிரயாணத்துக்கும் தேங்காய் உடைக்கிற இடம். ஆனால் அதை நடத்துவது தேவஸ்வம் அல்ல, இந்திய ராணுவம் என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கு மாறியபோது, காவல் படையினர் தாங்கள் வழிபட்ட பிள்ளையாரையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது வரலாறு. அந்தப் படை பின்னால் நாயர் பிரிகேட் ஆகி, சுதந்திரத்துக்குப் பிறகு மதராஸ் ரெஜிமெண்டில் இணைந்தது. பிள்ளையாரும் கூடவே போய் ராணுவத்தின் கோயிலானார்.

அந்தப் படையின் பெருமை 1741ஆம் ஆண்டு குளச்சல் போர். மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த அந்தக் கடற்கரையில் இன்றும் வெற்றித் தூண் நிற்கிறது. பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி அரசரிடமே வேலைக்குச் சேர்ந்து, தன்னைத் தோற்கடித்த படைக்கே பயிற்சி கொடுத்தார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் கல்வெட்டு இரண்டு மொழிகளில். ஒன்று லத்தீன், மற்றது தமிழ். திருவிதாங்கூர் தளபதி ஒருவரின் கல்லறைக்கு எழுதத் தமிழ்தான் பொருத்தம் என்று அன்று நினைத்திருக்கிறார்கள். நாகர்கோவிலுக்குப் போகிற வழியில் ஒரு தரம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

சாலைக் கடைத்தெருவின் முகப்பில் ஐந்து நிமிடம் நின்றோம். அங்கே போர் நினைவுச் சின்னம் எதுவும் இல்லை. ஆனாலும் என் அம்மா சொன்ன ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. திருவிதாங்கூர் அரிசிக்கு வெளியூரை நம்பிய நாடு. ரேஷன் வந்தது. கிராமங்களில் பட்டினி வந்தது. மரச்சீனிக் கிழங்குதான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. "சோத்துல பாதி மரச்சீனி, அதுலயும் பாதி தண்ணி" என்பாள் அம்மா. ஒரு குண்டும் விழாத ஊரில் போர் இப்படித்தான் வந்தது.

அங்கிருந்து தம்பானூர் வழியாகச் சற்றே சுற்றி தைக்காடு மாடல் ஸ்கூல் வாசலுக்குப் போனோம். இங்கேதான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது.

இந்தப் பள்ளியில் படித்தவர் செண்பகராமன் பிள்ளை. 1891 செப்டம்பர் 15 அன்று இதே ஊரில் பிறந்த தமிழர். பெற்றோர் சின்னசாமிப் பிள்ளையும் நாகம்மாளும் நாஞ்சில் நாட்டவர்கள். செடிகொடி ஆராய்ச்சிக்காக இந்த ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஸ்டிரிக்லாண்ட் என்ற ஆங்கிலேயருடன் பள்ளிப் பருவத்திலேயே ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். கூடப் புறப்பட்ட உறவுக்காரப் பையன் பத்மநாபன் கொழும்பிலேயே இறங்கித் திரும்பிவந்தான். இவர் திரும்பவில்லை.

இந்த இடத்தில் நான் வழக்கமாக ஒரு கதை சொல்வேன். சங்க மேடையிலும் பலமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதிமன்ற மதிலில் இன்றும் அதற்கு ஒரு கல் இருக்கிறது. கெட்டிக்காரனை நாம் "சரியான எம்டன்" என்கிறோம். இங்குள்ள மலையாளிகள் பெரிய எதையும் "யமண்டன்" என்கிறார்கள். அந்தக் கப்பலில் இருந்துகொண்டு வழிகாட்டியவர் நம் செண்பகராமன் என்று முடிப்பேன்.

இந்த முறையும் அப்படியே முடித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"தாத்தா, அவரு கப்பல்ல இருந்தாருன்னு யாரு பாத்தா?"

"எல்லாரும் சொல்றதுதான் மக்ளே."

"எல்லாரும்னா யாரு?"

அவளுடைய அப்பா அவளை அடக்கப் பார்த்தார். நான் தடுத்துவிட்டேன். ஏனென்றால் எனக்குள்ளும் அந்தக் கேள்வி பல வருஷமாக இருந்தது. கைதட்டலுக்காக அமுக்கி வைத்திருந்தேன். நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும். செண்பகராமன் 1914 ஜூனில் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கினார். செப்டம்பரில் அங்கே ஜெர்மன் தூதரக அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த இலையுதிர் காலத்திலேயே பெர்லின் போய் இந்தியப் புரட்சியாளர் குழுவில் சேர்ந்தார். எம்டனோ ஜூலை 31 அன்று சீனாவின் சிங்தாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் அதை நொறுக்கும்வரை ஐரோப்பாப் பக்கமே போகவில்லை. சூரிச்சில் இருந்த மனிதர் வங்கக் கடலில் எப்படி இருப்பார்?

இதை அங்கேயே, பள்ளி வாசலில் நின்று, எல்லோருக்கும் சொன்னேன். இத்தனை வருஷம் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவருக்குக் கோபம். "நம்ம ஆளப் பத்தி நாமளே இப்பிடிக் கொறச்சுப் பேசினா, அந்நிய ஊர்ல யாரு பேசுவா?" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு நம்முடையவர் என்று சொல்ல ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. ஆனால் எம்டனைக் கழித்துவிட்டால் செண்பகராமன் சிறுத்தா போகிறார்? 1915 டிசம்பரில் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் அமைந்த தற்காலிக இந்திய அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சர் அவர். 1934இல் பெர்லினில் இறந்தார். தன் சாம்பலைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவவேண்டும் என்பது அவர் ஆசை என்பார்கள். மனைவி லட்சுமிபாய் அந்தச் சாம்பலை 32 ஆண்டுகள் பாதுகாத்தார். 1966 செப்டம்பரில் ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பல் அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. ஆக, இவர் கதையில் ஒரு போர்க்கப்பல் நிஜமாகவே இருக்கிறது. "ஜெய் ஹிந்த்" என்று முதலில் சொன்னவர் இவரே என்பதையும் இனி அழுத்திச் சொல்லமாட்டேன். நேதாஜியுடன் இருந்த ஆபித் ஹசன் பெயரையும் அதற்குச் சொல்கிறார்கள்.

ஸ்டாச்சு ஜங்ஷன். அந்தப் பெயருக்குக் காரணமான சிலை கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவராவுடையது. அவர் பார்க்கிற பக்கம் செக்ரட்டேரியட். அதன் முன்னால் வேலுத்தம்பி தளவாயின் சிலை. நான் பிள்ளைகளிடம் அவருடைய முழுப்பெயரைச் சொன்னேன்: வேலாயுதன் செண்பகராமன் தம்பி. "இன்னொரு செண்பகராமனா!" என்று ஒரு பையன் கத்தினான். ஆமாம், அது திருவிதாங்கூர் அரசர்கள் கொடுத்த பட்டப்பெயர்.

வேலுத்தம்பி பிறந்தது தலக்குளத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். 1805 உடன்படிக்கையில் கும்பெனிக்குக் கட்டவேண்டிய தொகை ஆண்டுக்கு எட்டு லட்சமாக உயர்ந்தது. கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்பதையும் மறைக்கக்கூடாது. பிறகுதான் ரெசிடெண்ட் மெக்காலேயுடன் பகை முற்றியது. 1809 ஜனவரி 11இல் குண்டறை விளம்பரம் வந்தது. எட்டாண்டுக்கு முன் மருது சகோதரர்கள் திருச்சியில் ஒட்டிய அறிக்கையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அடுத்த மாதமே ஆரல்வாய்மொழிக் கோட்டை விழுந்தது. மண்ணடிக் கோயிலில் பிடிபடும் தறுவாயில் வேலுத்தம்பி உயிரை மாய்த்துக்கொண்டார். உடலை இந்த ஊருக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்கிலே தொங்கவிட்டார்கள். செத்தவரைத் தூக்கில் போட்டதைக் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே கண்டித்தார். சிலைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னபோது சின்னப் பிள்ளைகள் கூடச் சத்தம் போடவில்லை.

அடுத்தது பாளையம். பெயரே படை தங்கிய இடம் என்கிறது. இங்குள்ள பள்ளிவாசலைப் பழையவர்கள் பட்டாளப் பள்ளி என்பார்கள். சிப்பாய்கள் தொழுத இடம். பக்கத்தில் கணபதி கோயில், எதிரே சூசையப்பர் தேவாலயம். வெளியூர் விருந்தாளிகளுக்கு நாம் பெருமையாகக் காட்டும் இந்த மூன்றுக்கும் நடுவே, சாலையில் இருப்பது தியாகிகள் நினைவுத் தூண். 1857 எழுச்சியின் நூற்றாண்டுக்காக 1957 ஆகஸ்ட் 14 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தது. அப்போது எல்லை மாறி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. 1956 நவம்பர் 1இல் தலக்குளம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. தலக்குளத்துக்காரரின் சிலை இங்கே நிற்கிறது. அந்த எல்லைக்காக 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டுச் செத்தவர்களுக்கு நினைவு அந்தப் பக்கம். இங்கேயே குடியிருந்துவிட்ட நாம் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

தூணருகே வக்கம் அப்துல் காதரைப் பற்றியும் சொன்னேன். இந்த மாவட்டத்து வக்கம் கிராமத்திலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். பினாங்கில் பயிற்சி பெற்று, 1942இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் தானூரில் இறங்கிப் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கு. வயது 26. கடைசி இரவில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை இன்றும் வாசிக்கிறார்கள்.

மியூசியத்தை அடைந்தபோது மணி பத்தரை. சிசம் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தால் சென்னைக்காரர்களுக்குச் செனட் ஹவுஸ் நினைவு வரும். இரண்டும் ஒரே கை. வேலுத்தம்பியின் வாள் கிளிமானூர் அரண்மனையில் சுமார் 150 ஆண்டுகள் இருந்து, 1957இல் ராஜேந்திர பிரசாத்திடம் கொடுக்கப்பட்டு, டெல்லி போய், 2010 ஜூனில் இந்த ஊருக்குத் திரும்பியது. அந்தக் கதையைப் படிக்கட்டில் உட்கார்ந்தே சொல்லி முடித்தேன்.

அந்தப் பெண் மறுபடியும் வந்து நின்றாள். "இதுக்கு யாரு சாட்சி தாத்தா?" சிரிப்பு இல்லை, நிஜமாகவே கேட்டாள். கொடுத்தவர்கள், வாங்கியவர், வருஷம் எல்லாம் இருக்கிறது என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். தமிழ் எழுத்து அவளுக்குச் சரியாக வராது. செண்பகராமன் என்பதை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று. மூன்று சுழி என்று சொல்லிக்கொடுத்தேன்.

கோபித்துக்கொண்ட பெரியவரும் நானும் கரமனைக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். பாலத்தில் வண்டி ஏறியதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தார். "சாம்பல் விஷயம் உள்ளதுதானே?" என்று கேட்டார். "கப்பல் வந்தது உள்ளது அண்ணாச்சி" என்றேன்.