இளஞ்சிறார் முதல் நூல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ்நாட்டில் குழந்தை முதன்முதற் பெற்ற நூல் கண்ணுக்கு உரியதன்று; செவிக்கு உரியதாகும். ஒளவையார் அருளிய ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அகர வரிசையில் அமைந்தமை தற்செயலன்று. ஓதுவிக்கும் நீதியோடு எழுத்தின் முறையும் நினைவிற் பதிதல் வேண்டும் என்னும் கருத்தே அவ்வமைப்பிற்குக் காரணம் எனலாம். திண்ணைப் பள்ளியிற் பிள்ளைகள் மணலிற் கைவிரலால் எழுதினர், வாயால் ஓதினர், ஓலையைப் பின்னரே தொட்டனர். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர் மக்களுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்டுரு பெல் பாதிரியார் இம்மணலெழுத்தைக் கண்டு தம் பள்ளியிற் புகுத்தி, 1797-இல் இலண்டனில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். நம் திண்ணை கடல் கடந்த வரலாறு இது.

படத்தைத் துணைக்கொண்டு கற்பிக்கும் நெறி மேலைநாட்டிற் கொமீனியசு 1658-இல் நூரெம்பர்க்கு நகரில் வெளியிட்ட நூலால் வேரூன்றியது. தமிழில் அந்நெறி அச்சுப் பெருகிய பின்னரே வளர்ந்தது. 1947 சூலையில் சென்னையில் தோன்றிய அம்புலிமாமா படத்தின் சுவையை வீடுதோறும் கொண்டு சென்றது. எனினும் அது நன்கு படிக்கத் தெரிந்த சிறுவர்க்கே உரியது. 1957-இல் தில்லியில் ஓவியர் சங்கர் நிறுவிய குழந்தைகள் நூல் அறக்கட்டளையும், 1996-இல் சென்னையிற் பிறந்த தூலிகா பதிப்பகமும் இளஞ்சிறார்க்குப் படநூல் அளிக்க முற்பட்டவை.

இனி, நூல் தேர்வோர் பெரும்பாலும் நோக்காத செய்தி ஒன்று உண்டு. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறிற்று. ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் துதிக்கை போன்ற பழைய கொக்கியை இழந்தன. ணா, றா, னா முதலியனவும் புதுவடிவம் பெற்றன. எண்ணிக்கை சிறிதே, ஆயின் குழந்தையின் முதற் சொற்களை எண்ணிப் பார்க்குக. யானை, பூனை, இலை, தலை, மலை, வாழை ஆகியவற்றுள் ஐந்து இம்மாற்றத்துக்கு உட்பட்டவை. வாழை ஒன்றே தப்பியது. ஆகவே 1978-க்கு முற்பட்ட படநூல்களை, மாசுகோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே இங்கு வந்த அழகிய உருசியக் கதைகள் உட்பட, எழுத்துக் கூட்டும் பருவத்துப் பிள்ளையிடம் தனியே கொடுத்தல் ஆகாது. பெரியோர் மடியில் வைத்துப் படித்துக் காட்டுதற்கு அவற்றினும் இனியவை சிலவே.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூரை அடுத்த மாங்காடு இதனை எண்ணுதற்குத் தக்க ஊர். (சிலம்பில் வரும் மறையோனது மாங்காடு குடமலைப் பக்கத்தது, வேறு.) காமாட்சியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூர் 2021-இல் நகராட்சியாயிற்று. பழைய தெருக்களும் புதுக்குடியிருப்புகளும் அடுத்தடுத்துள்ள இத்தகைய ஊர்களில், பாட்டனார் பேணிய நூலும் பேரனது பள்ளி நூலும் ஒரே வீட்டில் இரு வேறு எழுத்து மரபினவாய்க் கிடத்தல் இயல்பு.

மொழிநடையும் கருதத்தக்கது. குழந்தைக்கு எளிமை வேண்டிப் 'பூனைக் குட்டி' என்பதை ஒற்று நீக்கி அச்சிடும் பதிப்பாளர் உளர். இஃது ஏற்புடைத்தன்று, அவ்வொற்று வாயில் ஒலிப்பதாகலின் கண்ணும் அதனைக் காணல் வேண்டும். மாறாக, 'வீட்டினுள்ளேயிருந்து' போலச் சொற்களைப் பிணைத்து அச்சிடுதலே எழுத்துக் கூட்டும் பிள்ளையை மலைக்கச் செய்வது. அதனைப் பிரித்து அச்சிடுவதாற் பொருள் சிதையாது. ஆங்கிலத்தினின்று பெயர்த்த படநூல்களில் இக்குறை மிகுதி. மூலத்தில் ஓரசைச் சொல்லாயிருப்பது தமிழில் ஐந்தாறு எழுத்தாக நீள, படம் ஒரு பருவத்தினர்க்கும் சொல் வேறு பருவத்தினர்க்கும் உரியதாகி விடுகின்றது.

2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலையாக வகுத்தது. வகுப்பாலன்றிப் படிக்கும் திறத்தாற் பகுத்தமையே இதன் சிறப்பு. பிள்ளை எப்படியில் நிற்கிறான் என்று அறிய விரும்பும் பெற்றோர், நூலின் நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து அவனையே படிக்கச் சொல்லலாம். ஒவ்வொரு வரியிலும் தடுமாறின், அந்நூலைத் தாம் படித்துக் காட்டி, முந்திய படியின் நூலை அவன் கையிற் கொடுத்தல் தகும்.