கடனுக்கு வாங்கிய கிராமதானம்

நிலம் யாருக்குச் சொந்தம்? – 11

1960-களின் தொடக்கம். அமெரிக்காவின் தென்மேற்கு ஜார்ஜியாவில் வாரத்துக்கு உழும் கறுப்பினக் குடியானவர் ஒருவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால், அந்தச் செய்தி பண்ணை முதலாளியின் காதுக்கு எட்டிவிடும். அதோடு உழுத வயலும் போகும், குடியிருந்த வீடும் போகும். இரண்டும் முதலாளியுடையவை. ஓட்டுரிமைப் போராட்டத்துக்காக 1961-ல் ஆல்பனி நகரத்துக்கு வந்த சார்ல்ஸ் ஷெராட் இப்படித் துரத்தப்பட்ட குடும்பங்களைக் கண்ணெதிரே பார்த்தார். ஒண்ட ஓர் அடி மண்ணில்லாதவரிடம் ஓட்டுரிமை எத்தனை நாள் தங்கும்?

அவர் மனைவி ஷெர்லிக்கு இந்தக் கேள்வி சொந்த வீட்டிலேயே எழுந்தது. 1965-ல் மாடுகள் தொடர்பான தகராறில் அவருடைய தந்தை ஹோசி மில்லரை அண்டை நிலத்து வெள்ளைக்கார விவசாயி சுட்டுக் கொன்றார். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, வழக்குத் தொடரவே மறுத்தது. வடக்கே ஓடிப்போகும் கனவில் இருந்த 17 வயதுப் பெண், ஊரைவிட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

வினோபாவிடமிருந்து ஒரு பாடம்

1951-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா தொடங்கிய பூதான இயக்கத்தை, அதாவது நிலக்கொடை இயக்கத்தை, முந்தைய வாரங்களில் பார்த்தோம். தானமாக வந்த நிலம் தனித்தனி ஏழைகளின் பெயருக்கு மாறியது. ஒரு நோய், ஒரு கல்யாணம் வந்தால் அது மறுபடியும் கைமாறிவிடும் அபாயம் இருந்தது. அதனால்தான் கிராமதானம் பிறந்தது. உரிமை கிராம சபைக்கு. உழுது உண்ணும் பாத்தியதை குடும்பத்துக்கு.

இந்த யோசனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் இந்தியாவில் ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு பழகிய ரால்ஃப் போர்சோடி. மற்றவர், இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்ற ராபர்ட் ஸ்வான். ஸ்வானும் ஷெராட்டும் ஆல்பனி இயக்கத்தின் ஸ்லேட்டர் கிங்கும் வேறு சிலரும் 1968-ல் இஸ்ரேல் சென்றார்கள். பொது நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பங்கள் பயிர் செய்யும் முறையை அங்கே ஊர் ஊராகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

1969-ல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ பதிவானது. நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். வீட்டையும் விளைச்சலையும் குடும்பங்கள் வைத்துக்கொள்ளலாம். மண்ணை மட்டும் விற்க முடியாது. கோயில் நிலத்தைத் தர்மகர்த்தா விற்க முடியாது என்கிறோமே, அந்த மாதிரி. லீ கவுன்ட்டியில் சுமார் 5,700 ஏக்கரை, 10 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான விலைக்குக் கிரயம் பேசி வாங்கினார்கள். அன்றைய அமெரிக்காவில் கறுப்பினத்தவர் கையில் இருந்த மிகப் பெரிய நிலப்பரப்பு அதுதான்.

ஜப்தி

திட்டம் தீட்ட மத்திய அரசு 98,000 டாலர் கொடுத்தது. அடுத்து வரவேண்டிய பெருந்தொகையை மாநில கவர்னர் லெஸ்டர் மேடக்ஸ் தடுத்துவிட்டார். கிராமங்கள் வரைபடத்திலேயே நின்றுபோயின; வந்து குடியேறக் காத்திருந்த குடும்பங்கள் காத்திருந்தபடியே இருந்தன. கையில் மிஞ்சியது நிலமும் அதன் மேலிருந்த கடனும்.

வட்டி கட்டுவதற்காகவே சோளம், சோயா, வேர்க்கடலை விதைத்தார்கள். பன்றி வளர்த்து, புகையூட்டிய இறைச்சி தயாரித்தார்கள். நெடுஞ்சாலை ஓரக் கடையில் இறைச்சியும் தர்பூசணியும் கரும்புப் பாகும் விற்றார்கள். 1970-களின் கடைசியில் மழை பொய்த்தது. அக்கம்பக்கத்து வெள்ளை விவசாயிகளுக்கு அவசரக் கடன் கிடைத்தது. இவர்கள் கேட்டபோது, தன் பிணத்தைத் தாண்டித்தான் கடன் வாங்க முடியும் என்று அரசுக் கடன் அலுவலக அதிகாரி சொன்னதாக ஷெர்லி பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். கடன் வந்துசேர மூன்று ஆண்டுகள் ஆயின. 1985-ல் நிலம் ஜப்தியில் போனது.

பூதானத்தில் நிலம் இலவசமாக வந்தது. ஆனால் அதில் கணிசமான பகுதி தரிசாகவும் வில்லங்கத்தோடும் வந்தது. ஜார்ஜியாவில் நல்ல மண் இருந்தது, உழ ஆளும் இருந்தது. பத்திரம் மட்டும் அடமானத்தில் இருந்தது. எந்தக் குடும்பமும் மண்ணை விற்றுவிடக் கூடாது என்று ஆவணத்தில் அவ்வளவு கவனமாக எழுதியவர்களால், கடன் கொடுத்தவரின் கையைக் கட்ட முடியவில்லை. தனியார் பெயரை நீக்கிப் பொதுப் பெயரை எழுதுவது பாதி வேலைதான். அந்த நிலம் கடனுக்கு ஈடாக நிற்கும்வரை, கடைசிச் சொல் கடன்காரருடையது.

கதை அங்கே முடியவில்லை. கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் தருவதில் பாகுபாடு காட்டியதாக வேளாண் துறை மீது நடந்த பிக்ஃபோர்டு வழக்கின் வழியாக, 2009-ல் நியூ கம்யூனிட்டீஸுக்கு 1.2 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கிடைத்தது. அதைக் கொண்டு 2011-ல் ஆல்பனி அருகே 1,638 ஏக்கர் வாங்கினார்கள். ஒரு காலத்தில் பெரும் அடிமை முதலாளி ஒருவரின் பண்ணையாக இருந்த இடம் அது. இப்போது அங்கே பீகன் மரங்களும் மஸ்கடைன் திராட்சையும் வளர்கின்றன. இந்தத் தடவை முதலிலேயே பணத்தைக் கட்டினார்கள். இவர்கள் போட்ட பாதையில் அமெரிக்காவில் இன்று 200-க்கும் மேற்பட்ட சமூக நில அறக்கட்டளைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை நகரத்து ஏழைகளுக்கு வீடு தருபவை.

அடுத்த வாரம் பிரான்ஸின் லார்ஸாக் பீடபூமிக்குப் போவோம். ராணுவ முகாமை விரிவாக்க அரசு அங்கே நிலம் கேட்டது. 103 விவசாயிகள் கொடுக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்த நிலத்தின் நிர்வாகம் எப்படி உழுபவர்களின் கைக்கே வந்தது?

(தொடரும்)